ஆறாம் கதவுக்குத் தொண்ணூறு நிமிடம்

அலுவலகத்தில் அவளை டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் வீடுவரை வந்து, தூரத்துச் சித்தப்பா ஒருவர் "என்ன வண்டிம்மா ஓட்டுற, பஸ்ஸா லாரியா?" என்று கேட்டதும் உண்டு. அவளிடம் வண்டி எதுவும் இல்லை. அவளுடைய கம்பெனி கதவோரத்தில் மாட்டுகிற கார்டு ரீடர்களைச் செய்து விற்றது. கார்டைக் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும். ஆகாத கார்டு என்றால் சிவப்பு. அந்த ரீடருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே உட்கார்ந்து, இது பேசுவதை அதற்கும் அது பேசுவதை இதற்கும் புரியவைக்கிற சின்ன புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். பதினாறு வருடமாக அவள் அந்த ஒன்றைத்தான் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த மாதம் அவள் தலையில் விழுந்த வேலை, கதவுகளின் பழைய செட்டிங் அமைப்புகளையெல்லாம் புது முறைக்கு மாற்றுவது. பழைய முறையில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வரி இருக்கும். 3=1, 9=0, 11=5 என்று வெறும் எண்கள்; ஓரத்தில் அறையின் பெயரை எழுதினால் உண்டு, எழுதாவிட்டாலும் கேட்பாரில்லை. எந்த எண் எதைச் செய்யும் என்று எழுதிய தாள் ஒன்று முன்னொரு காலத்தில் சுவரில் ஒட்டியிருந்தது. சுவருக்கு வெள்ளையடித்தபோது அதுவும் போயிற்று. புது முறையில் எண்ணுக்கு இடமில்லை. ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு பெயர் வேண்டும், அது என்ன செய்கிறது என்று சாதாரண மொழியில் ஒரு வாக்கியம் வேண்டும், கதவுக்குப் பின்னால் இருப்பது என்ன அறை என்றும் எழுத வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் புது டிரைவர் ஏற்றுக்கொள்ளாது. கார்டு மறுக்கப்பட்டால் அந்த வாக்கியம் அப்படியே ரீடரின் சின்னத் திரையில் ஒளிரும். 'காரணம் சொல்லும் கதவு' என்று விற்பனைப் பிரிவு அதற்கு விளம்பரம்கூட அடித்திருந்தது.

மொத்தம் அறுபத்தொரு வாடிக்கையாளர்கள். முதல் வாரமே அவளுக்கு வெறுத்துவிட்டது. சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டால் விரலை விட்டு இழுக்கும்போது முடியும் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் ஒன்றாய்த் திரண்டு கொழகொழவென்று வருமே, அப்படித்தான் வந்துகொண்டிருந்தன பழைய கோப்புகள். ஒரே வரியில் 9-ஐ ஒன்று என்று வைத்து, அடுத்து சைபர் ஆக்கி, மறுபடி ஒன்று ஆக்கியிருந்தார்கள். ஓரிடத்தில் யாரோ, 'தொடாதே, காரணம் கேட்காதே' என்று குறிப்பு எழுதிவிட்டு வேலையை விட்டே போயிருந்தார். ஒவ்வொரு நாளும் மாலையில் கிளம்பும்போது கையைக் கழுவிக்கொண்டு போக வேண்டும்போல் இருந்தது. கழுவவும் செய்தாள்.

மூன்றாவது வாரம் தையல் ஆலையின் கோப்பு வந்தது.

அந்த ஆலை அவளுக்குத் தெரியாததல்ல. அவள் குடியிருந்த தெருவில் வீட்டுக்கு ஒருவர் அங்கே வேலை பார்த்தார்கள். அவளுடைய அண்ணி பன்னிரண்டு வருடமாக அங்கே சட்டைக்குக் காலர் வைத்துத் தைக்கிறாள். பதினெட்டுக் கதவுகளில் பதினேழு சாதாரணக் கதவுகள். ஆறாம் கதவின் வரியில் மட்டும் 14=90, 22=1 என்று இருந்தது. அறையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

இந்த இரண்டு எண்களுக்கும் தாளைத் தேட வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. இரண்டையும் எழுதியவள் அவள்தான்.

பதினாலாவதை எழுதியது, வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். பெயின்ட் தயாரிக்கிற இடம் ஒன்றில் கலவை அறையின் புகையை மூச்சில் வாங்கி ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார். உள்ளே போய்வந்தவர் கொஞ்ச நேரம் வெளியே இருந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதற்காக, ஒரு கார்டு ஒரு கதவில் நுழைந்தால் அதே கார்டு அதே கதவை இத்தனை நிமிடத்துக்குத் திறக்கக் கூடாது என்று அவள் எழுதினாள். அன்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இருபத்திரண்டாவது வேறு கதை. ஒரு ஆவணக் காப்பறைக்காக எழுதியது. திருட்டுக் கார்டோடு ஒருவன் வந்தால், தான் மாட்டிக்கொண்டது அவனுக்குத் தெரியக் கூடாது. திரையில் 'ரீடர் பழுது, பிறகு முயலவும்' என்று மட்டும் காட்ட வேண்டும்.

தனித்தனியே பார்த்தால் இரண்டும் யோக்கியமானவை. ஒரே கதவில் இரண்டும் எதற்கு? சாய மருந்து வைக்கிற அறையாக இருக்குமோ என்று நினைத்தாள். அப்படியென்றாலும் ஏன் பழுது என்று பொய் சொல்ல வேண்டும்?

ரீடர்களை மாட்டுவதும் பழுது பார்ப்பதும் ஒரே டெக்னீஷியன்தான். நாற்பது வயது ஆள். பல்லால் டேப்பைக் கடித்துக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் போய்க் கேட்டாள்.

"தையல் ஆலைல ஆறாம் கதவு என்ன ரூம்ங்க?"

"ஆறா? அது லேடீஸ் டாய்லெட்டுக்கா."

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "விளையாடாதீங்க. அதுல தொண்ணூறு நிமிஷம் போட்டிருக்கு."

"ஆமாக்கா. ஒரு தடவ போனா தொண்ணூறு நிமிஷத்துக்குத் திறக்காது. அதான் செட்டிங்."

"பழுதுன்னு காட்டுதே?"

"அதான் செட்டிங்கு" என்று மறுபடி சொல்லிவிட்டு, துண்டு டேப்பை நாக்கிலிருந்து எடுத்தார்.

அவள் இடத்துக்குத் திரும்பி வந்து புகார்ப் பதிவேட்டைத் திறந்தாள். பதினோரு வருடத்தில் அந்த ஒரு கதவுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு புகார்கள். 'ரீடர் வேலை செய்யவில்லை.' 'கார்டைப் படிக்கவில்லை.' 'அவசரம், உடனே ஆள் அனுப்பவும்.' ஒன்பது முறை ரீடரையே புதிதாக மாற்றியிருந்தார்கள். நல்ல ரீடர்கள், ஒன்பதும். அவள் எழுந்து மறுபடி டெக்னீஷியனிடம் போனாள்.

"இத்தனை தடவ போயிருக்கீங்களே, போய் என்ன செய்வீங்க?"

"என்ன செய்யிறது. ஒரு துணிய எடுத்துத் துடைப்பேன். கழட்டித் திரும்ப மாட்டுவேன். கையெழுத்து வாங்குவேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு நேரம் ஆயிருக்கும், கார்டு வேலை செய்யும்." அவர் முகத்தில் சங்கடம் எதுவும் இல்லை. "ரொம்ப தேங்க்ஸ்ண்ணாம்பாங்க. ஒருதடவ ஒரு பொண்ணு அழுதுட்டே தேங்க்ஸ் சொல்லிச்சு."

அவள் திரும்பி வந்து பதிவேட்டை மூடிவைத்தாள்.

மறுநாள் காலை ஆலைக்கு நேரில் போனாள். அறையின் பெயரை உறுதி செய்ய வேண்டும் என்பது ஒரு சாக்கு. தையல் கூடத்தைத் தாண்டி நீளமான நடை. கடைசியில் சாம்பல் நிறக் கதவு. ஃபினாயில் நெடிக்கு அடியில் இன்னொரு நெடி. ரீடரின் விளிம்பெல்லாம் விரல் பட்டுப் பட்டு அழுக்கும் வேர்வையும் படிந்து மினுமினுத்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இருபது வயதிருக்கும் பெண் ஒருத்தி அவசரமாக வந்து கார்டைக் காட்டினாள். சிவப்பு. கார்டை வாயால் ஊதினாள். தோளில் தேய்த்தாள். காட்டினாள். சிவப்பு. ரீடரை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"சனியன் புடிச்ச மெஷின்" என்றவள், இவள் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்துவிட்டு, "நீங்க ரிப்பேர் பண்ண வந்தவங்களா?" என்றாள்.

"ஆமா."

"கொஞ்சம் சீக்கிரம் பாருங்கக்கா." அந்தப் பெண் ஒரு காலை இன்னொரு காலோடு இறுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கூடத்திலிருந்து யாரோ கூப்பிட, சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்பிப் போனாள்.

ஆலையின் நிர்வாக அதிகாரி நல்ல மனிதர்போல இருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போடச் சொன்னார், காபி வரவழைத்தார். அவள் கேட்டதற்கு ஒளிக்காமலே பதில் சொன்னார்.

"இருநூறு பேர் மேடம். ஆளாளுக்கு நெனச்ச நேரம் எழுந்து போனா வேலை என்னத்துக்கு ஆகும்? அதான் ஒரு ஒழுங்கு."

"அத அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா சண்டைக்கு வருவாங்க." அவர் சிரித்தார். "மெஷின் பழுதுன்னா யார் மேல கோவப்படுவாங்க? பழி மெஷினோட போயிடும். உங்க ஆளு ஒருத்தர்தான் அப்ப இந்த ஐடியாவக் குடுத்தாரு. ரொம்ப சாமர்த்தியசாலி."

காபியில் ஆடை படர்ந்து சுருங்கியது. அவள் அதைத் தொடாமலே எழுந்து வந்தாள்.

அந்தச் சாமர்த்தியசாலி யார் என்று பழைய விற்பனைப் பதிவில் பார்த்தாள். இப்போது அவளுக்கு மேலாளராக இருப்பவர்தான். அவருடைய அறைக்குப் போனபோது பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கஸ்டமர் கேட்டாரு, போட்டுக் குடுத்தோம்" என்றார். "இதுல என்னம்மா இருக்கு? ரெண்டு ஆப்ஷனும் நீ எழுதினதுதானே."

"நான் அதுக்கு எழுதல சார்."

"கத்தி செய்யிறவன் எதுக்குன்னு கேட்டா செய்யிறான்? சரி, விடு. புது முறைல பேர் வைக்கணும், அவ்வளவுதானே. பதினாலுக்கு 'வருகை இடைவெளி மேலாண்மை'ன்னு வை. நாகரிகமா இருக்கும்."

"சார், டாய்லெட்டுக்கு."

"அதுக்குத்தான் நாகரிகமா வைக்கச் சொல்றேன்." மேசையில் சிந்திய தூளை விரல் நுனியால் ஒற்றி ஒற்றி நாக்கில் வைத்துக்கொண்டார்.

"இருபத்திரண்டுக்கு இடமே இல்ல சார். புது முறைல பழுதுன்னா பழுது, மறுப்புன்னா மறுப்பு. ஒண்ண இன்னொண்ணா காட்ட முடியாது."

"நீ நெனச்சா ஒரு இடம் பண்ணலாம்."

பண்ணலாம்தான். இருபது வரி எழுதினால் போதும். மேலாளருக்கும் அது தெரிந்திருந்தது. அவள் வெளியே வந்தாள். ஈரமான அந்த விரல் நுனி நாள் முழுவதும் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

சாயங்காலம் மாடிக்குப் போனாள். அண்ணனும் அண்ணியும் அவள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார்கள். அண்ணி சுவரில் சாய்ந்து, அடிவயிற்றில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாத்திரை அட்டை.

"மறுபடி ஆரம்பிச்சிடுச்சா அண்ணி?"

"மூணு நாளா எரியுது."

நாலு வருடத்தில் இரண்டு தடவை அண்ணிக்குச் சிறுநீரகத்தில் கல். இடையிடையே காய்ச்சலும் எரிச்சலும். ஒவ்வொரு தடவையும் டாக்டர் திட்டுவார், அண்ணன் திட்டுவான், அவளும் சேர்ந்து திட்டுவாள்: தண்ணீரைக் குடித்தால் என்ன, அப்படியென்ன பிடிவாதம்.

"டாக்டர் மூணு லிட்டர் குடிக்கச் சொல்றாரு" என்று அண்ணி அலுத்துக்கொண்டாள். "குடிச்சுட்டு எங்க போறது? உங்க கம்பெனி மெஷின் இருக்கே, நாம போற நேரமாப் பாத்துத்தான் அது மக்கர் பண்ணும். நம்ம ராசி."

அண்ணன் சிரித்தான். "இவ எழுதுற லட்சணம் அப்படி." வீட்டில் இது பழகிப்போன கேலி. மற்ற நாளாக இருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். இன்று மாத்திரை அட்டையில் ஓட்டை விழுந்த இடங்களை எண்ணிக்கொண்டே இருந்தாள். தன் கையையே வெட்டி எங்காவது எறிந்துவிட வேண்டும்போல் இருந்தது. சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்து, இரண்டு முறையும் மென்று விழுங்கினாள்.

மறுநாள் முதல் வேலையாக ஆறாம் கதவை எடுத்தாள். அறை: பெண்கள் கழிப்பறை. அமைப்பின் பெயர்: கழிப்பறைக்குப் போன பெண்ணை மறுபடி உள்ளே விடாத நேரம். வாக்கியத்துக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தாள். கோபமாக இரண்டு எழுதி, இரண்டையும் அழித்தாள். கடைசியில், 'நீங்கள் கழிப்பறைக்கு வந்துபோய் 90 நிமிடம் ஆகவில்லை. நிர்வாகத்தின் உத்தரவுப்படி இன்னும் இத்தனை நிமிடம் இந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது' என்று எழுதி, நிமிடத்தை மட்டும் ரீடரே கணக்குப் போட்டுக்கொள்ளும்படி விட்டாள். நடந்ததை நடந்தபடி சொல்லும் வாக்கியம், அவ்வளவுதான். இருபத்திரண்டாம் எண்ணுக்கு எதுவும் எழுதவில்லை.

திருட்டுத்தனமாக அவள் எதுவும் செய்யவில்லை. முறைப்படி எல்லாவற்றையும் அச்சிட்டு, மேலாளரின் மேசையில் வைத்தாள். நாற்பது பக்கம். அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டே கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ஆலைக்கு அனுப்பினாள். அங்கிருந்து அன்று மாலையே 'ஒப்புதல்' என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது. தாளில் மடிப்புக்கூட விழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புது முறை அமலுக்கு வந்தது. நடந்ததை அவள் அன்று சாயங்காலம் அண்ணி வாயால்தான் கேட்டாள். அண்ணி மூச்சு வாங்க மாடிப்படியில் பாதியிலேயே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"பத்தரைக்கு பட்டன் செக்‌ஷன் பொண்ணு ஒண்ணு போச்சு. போன வேகத்துல திரும்பி வந்து, 'அக்கா, மெஷின் என்னமோ உத்தரவுன்னு சொல்லுது'ங்கிறா. நாங்க நாலு பேர் போய்ப் பாத்தோம். நான் சத்தமா படிச்சேன். இன்னும் முப்பத்தெட்டு நிமிஷமாம்! எனக்கு முதல்ல புரியவே இல்ல. அப்புறம் ஒவ்வொருத்தியா கார்டக் காட்டிப் பாக்கறோம், ஒவ்வொருத்திக்கும் ஒரு கணக்கு சொல்லுது. உனக்கு அறுபது, எனக்குப் பதினொண்ணு. கூடத்துல மெஷின் சத்தம் ஒவ்வொண்ணா நின்னு போச்சு. இருநூறு பேரும் அந்த நடைல. அந்த ஆபீசர் ஓடி வந்து, மெஷின் பழுது, போங்க போங்கங்கிறாரு. அந்தப் பட்டன் பொண்ணு கேட்டாளே ஒரு கேள்வி. 'பழுதான மெஷின் இவ்வளவு தெளிவாவா சார் பேசும்?'னு."

மத்தியானத்துக்குள் யாரோ நூல் பெட்டியைக் கொண்டுவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்துத் திறந்தே வைத்துவிட்டார்கள். கதவைச் சாத்தும்வரை யாரும் மெஷினில் உட்காரக் கூடாது என்று அதிகாரி சொல்லுமுன் பெண்கள்தான் முந்திக்கொண்டு, ரீடரைக் கழற்றும்வரை எந்த மெஷினிலும் உட்காரமாட்டோம் என்றார்கள்.

அண்ணி சிரித்துச் சிரித்துச் சொன்னாள். சொல்லி முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே குடித்தாள். பிறகு, "அந்த வாக்கியத்த எழுதினது நீதானே?" என்றாள்.

"ஆமா அண்ணி."

"எனக்கு அப்பவே தெரிஞ்சுது. நல்லா எழுதியிருந்த." சொம்பைக் கீழே வைத்தாள். "அதுக்கு முன்னாடி பழுதுன்னு வந்துச்சே. அத யாரு எழுதினா?"

அவள் பெயின்ட் அறை, மயங்கி விழுந்தவர், ஆவணக் காப்பறை, மேலாளர் என எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அண்ணி இடையில் குறுக்கிடாமல் கேட்டாள். முகத்திலிருந்த சிரிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துபோயிற்று.

"நீ நல்லதுக்குத்தான் எழுதின. சரி, நம்புறேன்" என்றாள் அண்ணி. "பதினோரு வருஷமா இதே இடத்துல உக்காந்து மெஷின் மக்கர் மக்கர்னு சொல்லிட்டு இருந்தேன். ஒரு தடவ வந்து பாத்தியா?"

"இல்ல அண்ணி."

"கார்ட பர்ஸ்ல சாவியோட போடாதீங்க, கீறல் விழும்னு சொன்ன. அதுக்காக நான் தனியா ஒரு உறை தைச்சு வச்சிருக்கேன்."

அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாள். வெந்நீர்ப் பையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அவள் படியிறங்கிக் கீழே வந்தாள். அண்ணி அதற்குப் பிறகு அவளிடம் முகம் கொடுத்துப் பேசப் பல நாளாயிற்று.

மறுநாள் அலுவலகத்தில் மேலாளர் கத்தினார். "இருபத்திரண்ட இன்னிக்கே எழுது. அங்க ஆலையே நின்னு கிடக்கு."

"நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார்."

"நான் படிக்கல!"

"அவங்களும் படிக்கல போல."

"நீ எழுதலன்னா வேற ஆள் எழுதுவான்."

"எழுதட்டும் சார். எழுதினவர் பேரும் புது முறைக் கோப்புல கீழயே பதிவாகும். அதையும் சொல்லிடுங்க."

வேறு யாரும் எழுதவில்லை. பயமோ, சோம்பலோ. புதன்கிழமை ஆலையே 90-ஐ எடுத்துவிடச் சொன்னது. வெள்ளிக்கிழமை ரீடரையும் கழற்றச் சொன்னது. டெக்னீஷியன் போய்க் கழற்றிக் கொண்டுவந்து அவள் மேசையோரம் வைத்துவிட்டு, "ஒருத்தரும் இன்னிக்கு தேங்க்ஸ் சொல்லலக்கா" என்றார் வருத்தத்தோடு. அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதற்கடுத்த வாரம் விற்பனைப் பிரிவின் புது விளம்பரம் வந்தது: 'தொழிலாளரிடம் எதையும் மறைக்காத கதவு, எங்களிடம் மட்டும்.' கீழே மேலாளரின் சிரித்த படம். அதை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்துத் தூக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

இன்னும் இருபத்து மூன்று வாடிக்கையாளர்கள் பாக்கி. அவள் வரிசைப்படி போவதை விட்டுவிட்டு, பதினாலும் இருபத்திரண்டும் ஒரே வரியில் வருகிற கதவுகளை மட்டும் தேடும்படி கம்ப்யூட்டருக்குச் சொன்னாள். ஐந்து வந்தன. மூன்று வெவ்வேறு ஊர்கள். அறையின் பெயர் எதிலும் இல்லை. முதலாவது, பழச்சாறு அடைக்கிற ஒரு தொழிற்சாலை. எண்ணைப் பார்த்துத் தொலைபேசியில் அழுத்தினாள்.

"உங்க மூணாம் கதவு என்ன அறைன்னு தெரியணும்ங்க" என்றாள். "புது முறைக்கு மாத்திட்டிருக்கோம்."

மறுமுனையில் இருந்தவரின் குரல் தணிந்தது. "அது… எதுக்குங்க? காலியா விட்டுடுங்களேன்."

"அறையோட பேர் இல்லாம ஏத்துக்காதுங்க" என்றாள் அவள். "சொல்லுங்க, எழுதிக்கிறேன்."